பத்தடித் தெருவை அளந்த டீச்சர்

சவுரியம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கையிலிருக்கும் சாக்பீஸ் ஒடியும். மாதத்துக்கு ஒரே ஒரு டப்பா சாக்பீஸ் வருகிற பள்ளிக்கூடத்தில் அது கட்டுப்படியாகாத பழக்கம்தான். ஆனால் அவளைக் கோபப்படுத்த ஆட்கள் வரிசையில் நின்றார்கள், அவள் என்ன செய்வாள்?

திண்டிவனம் சேரியில் பிறந்தவள். அப்பா தேவசகாயம் ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்தோடு நாளெல்லாம் நடந்து, இரண்டு கம்பிக்கும் நடுவே இடைவெளி சரியாக இருக்கிறதா என்று ஓர் இரும்புத் தடியைக் குறுக்கே வைத்து வைத்துப் பார்ப்பது அவர் வேலை. மகள் எட்டாவது முடித்து, இரண்டு வருஷம் ஆசிரியப் பயிற்சியும் முடித்து, 1937-ல் வேலைக்கு வந்தாள். அப்போது வயது இருபத்தாறு. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நேரமில்லீங்க" என்று ஒரே பதிலை வைத்திருந்தாள்.

வேலை கிடைத்த ஊர், விழுப்புரத்திலிருந்து கெடார் போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்பினால் வரும். பெயர் வேண்டாம். இந்தக் கதையில் வேலி போட்டவரின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள், வேலி போட்டது அவர்கள் இல்லை.

சேரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு சங்கத்தார் நடத்திய பள்ளிக்கூடம் அது. ஓர் அறை, ஓலைக் கூரை, ஐந்து வகுப்பு, ஒரு டீச்சர். சங்கத்து விதிப்படி ஐந்தாம் வகுப்பில் ஆண்பிள்ளைகளுக்கு ஜியோமிதி, பெண்பிள்ளைகளுக்குத் தையல். விதியைப் படித்த அன்றைக்கே முதல் சாக்பீஸ் ஒடிந்தது. வகுப்பில் இருந்ததே ஏழு பேர், அதில் நாலு பெண்கள். தைக்கத் துணி எங்கே இருக்கிறது? உடுத்தியிருப்பதே ஒன்று. சவுரியம்மாள் தையல் பாடத்தை நோட்டில் எழுதவுமில்லை, நடத்தவுமில்லை. ஏழு பேருக்கும் கோடு போடக் கற்றுக்கொடுத்தாள்.

புத்தகத்தில் சமாந்தரம், லம்பம் என்று வாயில் நுழையாத பெயர்கள் இருந்தன. அவள் அவற்றைப் பரீட்சைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, சேராத கோடு, வெட்டுகிற கோடு, நேர்குத்து என்று பேசினாள். ஒரு சனிக்கிழமை ஏழு பேரையும் நடத்திக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் ஜங்ஷனுக்கே போய்விட்டாள். நாலு திசையிலிருந்தும் லைன் வந்து சேருகிற இடம், எல்லா வகைக் கோடும் தரையிலேயே கிடக்கிறது.

அங்கே அம்மணி என்கிற பத்து வயதுப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். "சேராத கோடுன்னீங்க. தோ, அந்தாண்ட தூரத்துல ஒண்ணா சேருதே டீச்சர்?"

"கண்ணுதான் சேக்குது. நம்பிக்க இல்லன்னா நடந்து போய்ப் பாரு."

அம்மணி நிஜமாகவே நடந்தாள். ரெண்டு பர்லாங்கு போனபிறகு ஒரு போர்ட்டர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வந்தான். திட்டு வாங்கியது டீச்சர்தான். அம்மணி மட்டும் "சேரவே இல்ல" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். சவுரியம்மாளுக்கு அந்தப் பெண்ணை அன்றைக்கே பிடித்துப்போயிற்று.

அம்மணியின் அப்பா பூமாலை, விருத்தாசலம் என்கிற பெரிய நிலக்காரரிடம் பண்ணையாள். சேரியில் பாதிப்பேர் அப்படித்தான். விருத்தாசலத்தை எல்லாரும் ஆண்டை என்றார்கள். பள்ளிக்கூடம் இருந்த மனை அவர் கொடுத்தது, அதனால் சங்கத்துக் கமிட்டியிலும் அவர் ஒருவர். வேர்க்கடலை விளையும் அவருடைய மல்லாட்டைக் கொல்லைக்கும் சேரி வீட்டுச் சுவர்களுக்கும் நடுவில்தான் சேரித் தெரு ஓடியது. பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து ரோட்டில் முடிகிற அறுநூறு தப்படித் தெரு. மனை பிரித்துக் கொடுத்த காலத்தில் அது பத்தடித் தெரு. இரண்டு முனையிலும் சர்வே கல் நட்டிருந்தார்கள். இப்போது பள்ளிக்கூடத்து முனைக் கல் தெருவோரத்தில் இருந்தது. ரோட்டு முனைக் கல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வருஷா வருஷம் வேலியைப் புதுப்பிக்கும்போது ஆண்டை ஒரு சாண், அரைச் சாண் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தார். ரோட்டு முனையில் மாட்டு வண்டி நுழையாது.

போன ஆடியில் பூமாலையின் மனைவி, அம்மணியின் அம்மா சின்னபொண்ணுக்குப் பிரசவ வலி கண்டு இரண்டு நாளாகப் பிள்ளை இறங்கவில்லை. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வந்து ரோட்டில் நின்றது. முழங்கால் சேற்றில், முள்ளுக்கு நடுவே, புடவையில் தூளி கட்டி ஒற்றை வரிசையில் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு தடவை வழுக்கி விழுந்தார்கள். வண்டிவரை போய்ச் சேரவில்லை. தெருவிலேயே முடிந்துவிட்டது.

பூமாலை யாரையோ பிடித்துத் தாசில்தாருக்கு மனு எழுதிப் போட்டான். எந்த இடத்தில் எவ்வளவு அகலம் குறைந்திருக்கிறது என்று குறிப்பிடவில்லை என்ற பதிலோடு அது திரும்பி வந்தது. அந்தக் காகிதத்தை அவன் டீச்சரிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னான். அவள் படித்துக் காட்டினாள். சாக்பீஸ் ஒடிந்தது.

"ஒரு மூங்கி வெட்டிக்கினு வா பூமாலை, சரியா பத்தடி" என்றாள்.

மறுநாள் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் தெருவில். இரண்டு கோடு சேராத கோடுதானா என்று எப்படித் தெரியும்? எங்கே அளந்தாலும் இடைவெளி ஒன்றாக இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்து முனையில், அங்கிருந்து இருநூறு தப்படிக்கு ஒன்றாக இன்னும் மூன்று இடத்தில், மூங்கிலைச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று அனுப்பினாள். சின்ன வகுப்புகள் கூச்சல் போட்டதால் அவள் கூடப் போகவில்லை. அது அவள் செய்த தப்பு. இன்னொரு தப்பும் செய்தாள், அது பிறகுதான் தெரிந்தது.

பிள்ளைகள் திரும்பி வந்து ஒரே குரலில் சொன்னார்கள். நாலு இடத்திலும் பத்தடி, மூங்கில் கச்சிதமாக உட்கார்ந்தது.

வண்டி நுழையாத தெரு பத்தடியா? சவுரியம்மாள் நம்பவில்லை. ஆனால் அவள் போய்ப் பார்ப்பதற்குள் செய்தி சேரியெல்லாம் பரவி, ஆண்டை காதுக்கும் போய்விட்டது. மறுநாள் காலையில் அவரே பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"இன்னா டீச்சர், தெரு அளந்தீங்களாமே. உங்க பசங்களே பத்தடின்னு சொல்லிட்டாங்க. இனிமே எவனாவது மனு கினுன்னு கிளம்பினா இதத்தான் காட்டுவேன்." சிரித்துக்கொண்டே சொன்னார். போகும்போது, "பொட்டப் பசங்களுக்குத் தைக்கக் கத்துக்குடுங்க. அடுத்த வாரம் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வர்றாரு" என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனார்.

சவுரியம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நேற்று வைத்த மாதிரியே வைத்துக் காட்டச் சொன்னாள். பிள்ளைகள் வைத்தார்கள். மூங்கில் இடிக்கிற இடத்திலெல்லாம் ஒரு முனையை நகர்த்தி, சாய்த்து, பொருந்தும்வரை சாய்த்து, "தோ, சரியா இருக்குது டீச்சர்" என்றார்கள். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். தடியைச் சாய்த்து வைத்தால் எந்த இடைவெளியும் சரியாகத்தான் இருக்கும். குறுக்கே நேர்குத்தாக வைக்கவேண்டும் என்பது அவள் அப்பாவுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டிருந்தாள். அவளுக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

சிலேட்டை வாங்கி அதன் மூலையைச் சுவரடியில் வைத்தாள். சிலேட்டின் ஒரு விளிம்பு சுவரோடு ஒட்டவேண்டும், மறு விளிம்போடு மூங்கில் ஒட்டவேண்டும், அதுதான் நேர்குத்து. பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார்கள். முதல் இடத்தில் பத்தடி. இரண்டாவதில் எட்டரை. மூன்றாவதில் ஏழு. மூங்கிலின் மிச்சம் வேலிக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

நாலாவது இடம் ரோட்டு முனை. அங்கே வேலிக்கு உள்ளே ஆண்டை வீட்டுக் குடிதண்ணீர்க் கிணறு இருந்தது. அம்மணி வேலிப் பக்கத்து முனையைப் பிடித்திருந்தாள். மூலைக்கு எட்டடி இருக்கும்போதே நின்றுவிட்டாள்.

"முன்னாடி வாடி" என்றாள் சவுரியம்மாள்.

"அங்க நிக்கக் கூடாது டீச்சர். சொவத்த ஒட்டிக்கினு, தலய குனிஞ்சிக்கினு, ஜல்தியா போயிடணும். எங்கம்மா சொல்லியிருந்துச்சி."

சவுரியம்மாள் மற்றப் பிள்ளைகளைப் பார்த்தாள். ஏழு பேரும் அந்த மூலைக்கு எட்டடி தள்ளித்தான் நின்றார்கள். யாரும் கோடு கிழித்து வைக்கவில்லை, ஆனால் ஒருவர் கால்கூட முன்னே பின்னே இல்லை. நேற்றைக்கு மூங்கில் அங்கே அவ்வளவு சாய்ந்ததற்குக் காரணம் கணக்குத் தெரியாதது மட்டுமில்லை. அவளும் சேரியில் பிறந்தவள்தான், திண்டிவனத்திலும் இப்படி ஒரு மூலை இருந்தது. அன்றைக்கு அவள் வற்புறுத்தவில்லை.

வகுப்பில் போர்டில் சுவருக்கு ஒரு கோடும் வேலிக்கு ஒரு கோடும் வரைந்து, மூன்று அளவையும் குறித்தாள். இருநூறு தப்படிக்கு ஒன்றரை அடி குறைகிறது.

"அப்பிடின்னா மூலைல அஞ்சரை டீச்சர்" என்றாள் அம்மணி. எழுந்து வந்து நூலைப் பிடித்து இரண்டு கோட்டையும் நீட்டினாள். "இப்பிடியே போனா ரோட்டத் தாண்டி, சுடுகாட்டாண்ட போய் ரெண்டும் வெட்டிக்கும். தெருவே இல்ல அப்புறம்."

கணக்கு சரி. ஆனால் கணக்கில் வந்தது என்று மனுவில் எழுதினால் யார் ஒப்புக்கொள்வார்கள்? அளந்தது என்று எழுதவேண்டும். அதற்கு யாராவது அந்த மூலையில் போய் நிற்கவேண்டும்.

அன்று சாயங்காலம் பூமாலை வந்தான். "டீச்சரம்மா, எம் பொண்ண அங்க நிக்க வெச்சிராதீங்க. மல்லாட்ட புடுங்கற நேரம். வேலய வுட்டு நிறுத்திட்டாருன்னா கேப்பக் கூழுக்கு எங்க போவேன்?"

"நான் நிக்கறேன் பூமாலை. எனக்கு அவரு வேல குடுக்கல."

"அவரு கமிட்டில இருக்கறாரும்மா."

"இருக்கட்டும்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்த நாளில் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. ஒன்றில் அவர், ஒன்றில் விருத்தாசலம். பெண்களின் தையல் வேலையைக் காட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர். இல்லை என்றாள் சவுரியம்மாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பிறகு என்னதான் கற்றுக்கொண்டார்கள் என்று கேட்டார். ஜியோமிதி என்றாள். அவர் அம்மணியை எழுப்பினார்.

"இரண்டு சமாந்தர ரேகை போடு."

அம்மணி சிலேட்டை வைத்துப் போட்டாள்.

"இது சமாந்தரம்னு எப்படித் தெரியும்?"

"நாலு எடத்துல குறுக்க நேர்குத்தா அளக்கணும் சார். எல்லாம் ஒரே அளவு வரணும்."

விருத்தாசலம் சிரித்தார். "இவங்க பெரிய சர்வேயருங்க சார். சேரித் தெருவையே அளந்தாங்க. எல்லா எடத்துலயும் பத்தடி. ஏன்டி, அப்பிடித்தானே?"

வாசலுக்கு வெளியே வேலைக்குப் போகாத சில ஆட்கள் நின்றார்கள், பூமாலையும் நின்றான். சவுரியம்மாள் பேச வாயெடுத்தாள். அதற்குள் அம்மணி பேசிவிட்டாள்.

"தப்பா அளந்தோம் சார். சாச்சி வெச்சிட்டோம். மூலைல பத்தடி இல்ல, அஞ்சரை."

"சின்னப் பொண்ணு, உளறுது" என்றார் விருத்தாசலம்.

இன்ஸ்பெக்டருக்கு என்ன தோன்றியதோ, எழுந்துகொண்டார். "வா, காட்டு" என்றார்.

எல்லாரும் தெருவில் நடந்தார்கள். மூலை வந்ததும் சவுரியம்மாள் மூங்கிலின் வேலிப் பக்கத்து முனைக்குக் கை நீட்டினாள். அம்மணி கொடுக்கவில்லை. சுவரடியில் சிலேட்டை வைத்து மூங்கிலை நேராக்கும் வேலையை வகுப்பிலிருந்த இன்னொரு பெண்ணிடம் விட்டுவிட்டு, எட்டடியையும் நடந்து, கிணற்றுக்கு நேரே, வேலி முள் பாவாடையில் மாட்டுகிற அளவுக்கு ஒட்டி நின்றாள். நகரவில்லை.

"ஏய்! கெணத்தாண்ட இன்னாடி வேல ஒனக்கு?" என்று விருத்தாசலம் கத்தினார்.

"குறுக்க நேர்குத்தா வெக்கணும்னா இங்கதாங்க நிக்கணும்" என்றாள் அம்மணி.

அஞ்சரை அடியில் வேலி வந்துவிட்டது. மூங்கில் இன்னும் நாலரை அடி பாக்கி. அம்மணி அதை முள்ளுக்குள்ளே நுழைத்துத் தள்ளினாள். முள் விடவில்லை. இரண்டாவது தடவை தள்ளினாள். அப்போது, அதுவரை ஆட்களுக்குப் பின்னால் நின்ற பூமாலை வந்தான். ஆண்டையைப் பார்க்கவில்லை. வெறுங்கையால் முள்ளைப் பிடித்து விலக்கினான். மூங்கில் உள்ளே போய் டொக்கென்று எதிலோ இடித்தது. விலக்கின சந்து வழியாக இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். எருக்கஞ்செடிக்கு நடுவே, அம்புக்குறி கொத்திய சர்வே கல். பத்தடிக்குக் கச்சிதமாக.

விருத்தாசலம் என்னென்னவோ பேசினார். கல்லையே யாரோ நகர்த்தி நட்டுவிட்டார்கள் என்றுகூடச் சொன்னார். இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் எழுதியது இரண்டு வரி என்று பிறகு தெரிந்தது. ஜியோமிதி மிக நன்றாகக் கற்பிக்கப்படுகிறது. தையல் அறவே கற்பிக்கப்படவில்லை.

மனு நாலு அளவோடு மறுபடியும் போயிற்று. எழுதியது சவுரியம்மாள், படம் போட்டது ஐந்தாம் வகுப்பு. தை மாதத்தில் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். பிள்ளைகள் சொன்ன அளவில் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வரவில்லை. மாசிக்குள் வேலி கல்லுக்கு அந்தப் பக்கம் போயிற்று. பூமாலையை ஆண்டை வேலையிலிருந்து நிறுத்தினார். அவன் விழுப்புரத்தில் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கப் போனான், மல்லாட்டை மூட்டைதான். கமிட்டி கூடி இன்ஸ்பெக்டரின் இரண்டாவது வரியை மட்டும் வாசித்தது. விதியை மீறியதற்காக சவுரியம்மாளைத் திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியது.

திண்டிவனத்தில் அவள் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். உலகச் சண்டை நாளில் பேப்பருக்குப் பஞ்சம் வந்தபோது பிள்ளைகளை ஈர மணலில் கோடு போட வைத்தாள். மூன்று தலைமையாசிரியர்கள் அவளோடு மல்லுக்கு நின்று மூன்று பேரும் ஓய்ந்துபோனார்கள். தையல் பாடத்தைக் கடைசிவரை அவள் நடத்தவில்லை. அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த ஊரை விட்டு அவள் கிளம்பிய நாளைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது.

பூமாலைதான் வண்டி பிடித்துக்கொண்டு வந்தான். வண்டிக்காரக் கிழவரை ரோட்டில் நிறுத்தவிடாமல் தெருவுக்குள்ளே ஓட்டச் சொல்லி, பள்ளிக்கூட வாசலுக்கே கொண்டுவந்துவிட்டான். அந்தத் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று, வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். டீச்சரின் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு பூமாலை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மொத வண்டி உங்கள இட்டுக்கினு போவவா வரணும்" என்றான். பிறகு, "போன ஆடில இது வந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

சவுரியம்மாள் அருகில் வந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். முள் கிழித்த தழும்பு இன்னும் மறையவில்லை. ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்கு அப்போது வந்தது.

ரோடு வரைக்கும் வருகிறோம் என்று ஏழு பிள்ளைகளும் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். அறுநூறு தப்படி வண்டி ஆடி ஆடிப் போயிற்று. கிணற்று மூலை நெருங்கும்போது வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் விருத்தாசலம் நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரே வண்டியில் உட்கார்ந்து போவது அந்த ஊரில் வழக்கமில்லை, சேரி ஆட்கள் இறங்கி, அவரைக் கடந்தபிறகு ஏறிக்கொள்வார்கள்.

"டீச்சரம்மா, ஆண்ட நிக்கறாரு. செத்த எறங்கி நடந்துருங்க, பசங்களும் எறங்கட்டும்" என்றார் வண்டிக்காரர்.

சவுரியம்மாள் பிள்ளைகளைப் பார்த்தாள். அம்மணி கால்களை இழுத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மற்ற ஆறு பேரும் அப்படியே செய்தார்கள்.

"ஓட்டுங்க தாத்தா" என்றாள் அம்மணி.

வண்டி மூலையைக் கடந்து ரோட்டில் ஏறியது. யாரும் இறங்கவில்லை.